இனிப்பு நீருக்குத் தே தாரேக் காரணமா? ஆராயத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

"தே தாரேக் குடித்துக் குடித்தே இனிப்பு நீரை வரவழைத்துக்கொண்டார்" என்ற பேச்சைப் பினாங்கில் நாம் அடிக்கடி கேட்கிறோம். தே தாரேக் என்பது டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்; இனிப்பு நீர் என்பது நீரிழிவு நோய். பல்கலைக்கழகத் திட்டப்பணிக்காகவோ சங்கத்தின் சுகாதாரப் பிரிவுக்காகவோ அந்தப் பேச்சை முறைப்படி சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு, ஆய்வாளர்கள் போகும் பாதையையும் அவர்கள் வழுக்கி விழும் இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதை முடிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆகவே "எனக்கு இனிப்பு நீர் இல்லை" என்று ஒருவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியே குறித்துக்கொண்டு, உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குக் கிளினிக்கிற்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது ஒப்பீட்டுக் குழு. என் கணிப்பில், பெரும்பாலான சிறு ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான். நோயாளிகளை மருத்துவமனையிலும் நோயற்றவர்களைத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியிலும் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படியேறி வந்தவர்கள் ஏற்கெனவே நல்ல உடல்வலு உள்ளவர்கள். நீங்கள் காணப்போகும் வேறுபாட்டில் எவ்வளவு தேநீரால் வந்தது, எவ்வளவு கால்வலுவால் வந்தது என்பதைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒருவேளை நோய் வந்திருந்தால் அதே மருத்துவமனைக்கு வந்திருக்கக்கூடியவர்களே சரியான ஒப்பீட்டாளர்கள். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு இணையாக, அதே வயதும் பாலினமும் உடைய வேறு நோயாளிகளை எடுத்து 1950இல் ஒப்பிட்டது இந்த எண்ணத்தில்தான். புற்றுநோயுள்ள 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர் மட்டுமே. ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களில் 27 பேர்.

பிறகு கேள்வி. "நாளுக்கு எத்தனை கிளாஸ்?" என்று கேட்டால் "இரண்டு" என்ற பதில் சட்டென்று வரும். அந்தக் கிளாஸ் வீட்டில் சீனி குறைத்துப் போட்டதா, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) டின் பால் ஊற்றி ஆற்றியதா, "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்கியதா, காலையில் ரொட்டி சானாயோடு குடித்ததை அவர் கணக்கில் சேர்த்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு கிளாஸைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது நல்லது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தால் விடை மாறும் என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், நோயாளிகளே குறைவாகத் தே தாரேக் குடிக்கிறார்கள் என்ற விசித்திரமான முடிவு வரக்கூடும். காரணம் எளிது: நோய் தெரிந்த அன்றே டாக்டர் சொல்லி, பலர் பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்"குக்கு மாறியிருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான், நோயில்லாதபோதே மக்களைச் சேர்த்து, பழக்கங்களைப் பதிந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய இதயநோய் ஆய்வு அப்படிப்பட்டது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை 1,06,527 பேரைச் சேர்த்த "மலேசியன் கோஹோர்ட்" என்ற ஆய்வும் அப்படியே. ஒரு மாணவரால் அவ்வளவு செய்ய இயலாது என்பதால், நோய் தெரிவதற்கு முந்தைய பழக்கத்தைத் தனியாகக் கேட்டு, நினைவு தவறும் என்ற குறையை அறிக்கையிலேயே எழுதிவிடுவது நேர்மை.

உடன்வரும் காரணங்களையும் பிரிக்க வேண்டும். லாரி ஓட்டுபவர் தே தாரேக் அதிகம் குடிக்கலாம். அவர் நாளெல்லாம் உட்கார்ந்தும் இருக்கிறார், இரவில் கண்விழிக்கிறார். ஆகவே ஓட்டுநரை ஓட்டுநரோடும், பெற்றோருக்கு இனிப்பு நீர் இருந்தவரை அதே நிலையில் உள்ளவரோடும் ஒப்பிடுங்கள்.

ஐயத்தைப் பெருமளவு தீர்ப்பது, குலுக்கல் முறையில் மக்களை இரண்டாகப் பிரித்துச் செய்யும் சோதனை. பீட்டா கரோட்டின் என்ற சத்து நிறைந்த காய்கனி உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் வெளிவந்த முடிவில், மாத்திரை உண்டவர்களிடையே அந்நோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. மாறாக, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், உணவையும் நடையையும் திருத்தியதால் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ நோயாளிகளைச் சேர்ப்பதானால், ஆய்வைப் பதிவு செய்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். ஒப்புதலோடு பின்தொடர்வதானால், பங்கேற்பவருடைய தொலைபேசி எண்ணோடு, அவர் சம்மதத்துடன் உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அழைக்கும்போது அவர் பினாங்கின் பிறை ஊரிலிருந்து ஜொகூருக்கு மாறிப் போயிருக்கலாம்.