சிஎம்இ-க்கு தலைப்பு பாத்து போறதுல மனநல டாக்டர்ங்க நாம பண்ற தப்புகள்

சிஎம்இ, அதாவது டாக்டர்ங்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி கூட்டம், அதோட போஸ்டர் வாட்ஸ்அப்ல வந்ததும் நம்மள்ல நிறைய பேர் முதல்ல தேடறது எத்தனை கிரெடிட் ஹவர்னு தான். 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் கணக்கு காட்டணும், அதுல தப்பு சொல்லல. ஆனா அடுத்து தலைப்ப பாக்கறப்ப கீட்டமைன், டிஎம்எஸ் (காந்த அலை சிகிச்சை) மாதிரி புதுசா இருந்தா கிளம்பிடறோம், இருமுனை நோய்க்கு ரொம்ப காலமா குடுக்கற லித்தியம்னு இருந்தா அதான் பிஜிலயே படிச்சாச்சேன்னு விட்டுடறோம். என்னை கேட்டா பெரிய தப்பே இதான், ஏன்னா நம்ம ஓபில ஆபத்து வர்றது தினமும் கை பழகி எழுதற மாத்திரைல தான்.

எனக்கு நடந்தத சொல்றேன். 8 வருஷமா லித்தியத்துல நல்லா இருந்த ஒரு அம்மா, 60 தாண்டினவங்க, கத்திரி வெயில் சமயத்துல கை நடுங்க தள்ளாடிட்டு வந்தாங்க, கூட வந்த பொண்ணு "அம்மாவுக்கு வயசாயிடுச்சு போல டாக்டர்"ங்கறாங்க. ரத்தத்துல லித்தியம் லெவல் 2.1, அது நச்சு அளவு. விசாரிச்சா பிபிக்கு வேற ஒருத்தர் தயசைடு (உப்பையும் நீரையும் சிறுநீர்ல வெளியேத்தற மருந்து) கலந்த மாத்திரை குடுத்து உப்பையும் குறைக்க சொல்லிருக்காரு, முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் வேற போட்டுட்டு இருந்திருக்காங்க. மூணுமே லித்தியத்த ஏத்தும், உடம்புல சோடியம் குறைஞ்சா கிட்னி சோடியத்த பிடிச்சு வைக்கறப்ப லித்தியத்தையும் சேர்த்தே பிடிச்சு வச்சிடும், அதுக்கு மேல வேர்வை. இதெல்லாம் எனக்கு தெரியும், ஆனா அதுக்கு முந்தின ஆறு மாசத்துல வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு நான் ஒரு தடவை கூட கேக்கல. நல்லவேளை பிழைச்சுட்டாங்க.

லெவல் எடுக்கற நேரமும் அப்படித்தான். கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், காலைல மாத்திரைய போட்டுட்டு நேரா லேபுக்கு போனா நம்பர் ஏறி தான் வரும், அத நம்பி டோஸ குறைச்சா அடுத்து மேனியா (அளவுக்கு மீறின உற்சாக நிலை) வந்து நிக்கும்.

மனச்சிதைவுக்கு குடுக்கற க்ளோசபின்னா எல்லாரும் வெள்ளை அணு குறையறத பத்தி பேசறோம், மலச்சிக்கல பத்தி யாரும் பேசறதில்ல, குடல் அடைச்சு உயிர் போற அளவுக்கு போகும்ங்க. மோஷன் போறீங்களான்னு ஒவ்வொரு விசிட்லயும் கேக்கணும். அப்பறம் பீடி. புகையில இருக்கற பொருள் தான் க்ளோசபின கரைக்கற ஈரல் என்சைம தூண்டுது, நிக்கோட்டின் இல்ல, அதனால நிக்கோட்டின் சூயிங்கம் குடுத்தாலும் அந்த தூண்டுதல் இருக்காது. நம்ம ஊர்ல ஐயப்பனுக்கு மாலை போட்டா பீடிய ஒரே நாள்ல விட்டுடுவாங்க, ஒரு வாரத்துக்குள்ள லெவல் ஏறி எச்சில் ஒழுகி தூங்கிட்டே இருப்பாங்க, மாலைய கழட்டி திரும்ப பிடிச்சா லெவல் இறங்கி குரல் கேக்க ஆரம்பிக்கும். கார்த்திகை பிறக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது. 48 மணி நேரத்துக்கு மேல மாத்திரை விட்டவங்களுக்கு பழைய டோஸையே திரும்ப குடுக்கறதும் தப்பு, 12.5 மில்லிகிராம்ல இருந்து தான் ஏத்தணும்.

இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் குடுக்கற வால்ப்ரோயேட் பத்தி சொல்ல கஷ்டமா இருக்கு. 22 வயசு பொண்ணு, வீட்ல வரன் பாத்துட்டு இருக்காங்க, நாம அதே மாத்திரைய ரிபீட்னு எழுதி அனுப்பறோம். கர்ப்பத்துல எடுத்தா 100 குழந்தைகள்ல கிட்டத்தட்ட 10 பேருக்கு பிறவி குறை, 30ல இருந்து 40 பேருக்கு வளர்ச்சில பிரச்சனை. தள்ளிப்போன பிறகு சொன்னா லேட், மூளையும் தண்டுவடமும் ஆகற நரம்புக் குழாய் மூடறது கரு உண்டான முதல் மாசத்துலயே முடிஞ்சிடும். அந்த பொண்ணுகிட்ட தனியா உக்காந்து பேசணும், அம்மா முன்னாடி இல்ல.

சட்டம் பத்தின செஷன் ஆரம்பிச்சா ஹால் பாதி காலியாயிடும், அது அட்மின் வேலைன்னு ஒரு நினைப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல வந்து 2018 மே 29ல இருந்து அமல்ல இருக்கு. நோயாளியால தானா முடிவெடுக்க முடியாத நிலைல 89வது பிரிவுல சேர்த்தா பெண்ணோ மைனரோ 3 நாளுக்குள்ள, மத்தவங்கள 7 நாளுக்குள்ள மனநல மறுஆய்வு போர்டுக்கு தெரிவிக்கணும், பொறுப்பு நம்ம மேல தான். ஏர்வாடில மனநல காப்பகத்துல சங்கிலில கட்டிப்போட்டிருந்த 28 நோயாளிங்க 2001ல தீல எரிஞ்சு போன ஊர்ல இருந்து இத லேசா எடுத்துக்க எனக்கு மனசு வரல.

அடுத்த சிஎம்இ-க்கு பேர் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க லித்தியம் பேஷண்ட் 10 பேரோட ஃபைல எடுத்து கிரியாட்டினின் (கிட்னிக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கால்சியம் கடைசியா எப்ப பாத்தோம்னு பாருங்க, எந்த தலைப்புக்கு போகணும்னு அதுலயே தெரிஞ்சிடும். நான் எடுத்தப்ப பாதி பேருக்கு மேல கால்சியம் பாக்கவே இல்ல, அன்னிக்கு சாயங்காலமே ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணி வர சொன்னேன்.