ஸ்டாண்டில் ஒரு அண்ணன் இறந்துபோனால்

ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் பிரியமான ஒருவர் இறந்தால் முதல் மூன்று நாள் கூட்டம் தானாக வரும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகுதான் நாம் அதிகம் தேவைப்படுவோம்.

குடும்பத்துக்காக எடுக்கும் வசூலை ஒருவர் வைத்திருக்கட்டும், நோட்டில் இன்னொருவர் கையெழுத்துப் போடட்டும். கணக்கில்லாத பணம்தான் பிறகு சண்டையாகும். ஜூனில் வரும் பள்ளிச் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய அண்ணியோடு ஒருவர் போகட்டும். அண்ணனுக்கு ஓட்டுநர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று வண்டிக் காகிதங்களில் தேடுங்கள். இருந்தால் உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம்.

அடக்கம் முடிந்த இரவு குடிக்கப் போகாதீர்கள். குடி தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் துக்கம் இன்னும் கனக்கும். டீ, இட்லி வாங்கி ஸ்டாண்டிலேயே சேர்ந்து உட்காருங்கள்.

துக்கத்தில் இருக்கும் ஸ்டாண்ட் தோழரிடம் "தைரியமா இரு மாப்ள" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நேத்து தூங்குனியா?" என்று கேளுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்பதைவிட, பக்கத்தில் நின்று வண்டி துடைத்துக்கொண்டே கேட்டால் பலர் மனம்விட்டுப் பேசுவார்கள். சவாரிக்கு வராமல், போனும் எடுக்காமல் இருப்பவர் வீட்டுக்கு அன்றே இருவர் போகவேண்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அவர் பக்கத்திலிருந்தே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 108.