நவீன ரஷ்ய வரலாறு ஆன்லைனில் படிக்கப் போகிறீர்களா? நட்சத்திரங்களை நம்பிச் சேராதீர்கள்

ஆன்லைனில் நவீன ரஷ்ய வரலாறு படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்துக்கு முன்னால் ஏற்கெனவே படித்தவர்கள் போட்ட நட்சத்திரங்களைத்தான் பார்க்கிறார்கள். ஐந்துக்கு நாலே முக்கால் என்றால் உடனே சேர்ந்துவிடுகிறார்கள், நாலுக்குக் கீழே இறங்கினால் வேறு படிப்பைத் தேடுகிறார்கள். கோடிங், புகைப்படக்கலை மாதிரியான படிப்புகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். ரஷ்ய வரலாற்றுக்கு ஒத்துவராது. இங்கே மதிப்பெண் போடுகிறவர்களில் பலர் படிப்புக்குப் போடுவதில்லை. ஸ்டாலினுக்குப் போடுகிறார்கள், இல்லையென்றால் புடினுக்கு.

இலவசமாகச் சேர முடிகிற படிப்புகளில் கடைசி வாரம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். முதல் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு நட்சத்திரம் போட்டவரும் முழுப் படிப்பையும் முடித்தவரும் ஒரே சராசரிக்குள் போய்விடுகிறார்கள். ‘பேராசிரியர் அருமை, நன்றி’ என்ற ஐந்து நட்சத்திரக் கருத்து உங்களுக்கு எதையும் சொல்லாது. மூன்று நட்சத்திரம் போட்டு, எந்த வாரத்தில் எந்தப் பாடம் ஏன் சொதப்பலாக இருந்தது என்று எழுதியிருப்பவர்களைத் தேடிப் படியுங்கள்.

‘ஒருதலைப்பட்சம்’ என்ற புகார்

இந்தப் புகார் இல்லாத ரஷ்ய வரலாற்றுப் படிப்பே இருக்காது. அதைப் பார்த்தவுடன் ஒதுங்கிப் போவது தவறு. அதே பாடத்தைச் சிலர் மேற்கத்தியப் பிரச்சாரம் என்றும் சிலர் சோவியத் ஜால்ரா என்றும் திட்டியிருந்தால், ‘அப்போ நடுநிலையாகத்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் அளவுக்கு மோசமான பாடமும் உண்டு.

எந்த இடத்தில் ஒருதலைப்பட்சம் என்று கேளுங்கள். அதைச் சோதிக்க என் தேர்வு 1932-33 பஞ்சம். அந்த ஒரு பாடத்தை மட்டும் முதலில் கேட்டுப் பாருங்கள். உக்ரைன், கசக்ஸ்தான், வோல்கா கரை, வடக்குக் காகசஸ் என்று பஞ்சம் பரவிய பகுதிகள் எல்லாம் வருகின்றனவா? கிராமங்களிலிருந்து தானியத்தைக் கட்டாயமாகப் பறித்தது, அந்த ஆண்டுகளிலும் ஏற்றுமதி தொடர்ந்தது ஆகியவை சொல்லப்படுகின்றனவா? 1932 ஆகஸ்ட் 7 அன்று ஒரு சட்டம் வந்தது. விவசாயிகளின் நிலங்களை ஒன்றுசேர்த்து அரசு உருவாக்கிய கூட்டுப்பண்ணைகளின் சொத்தைத் திருடினால் மரண தண்டனை; சூழ்நிலையைப் பார்த்து இரங்கினால் பத்து வருடச் சிறை. வயலில் கதிர் பொறுக்கியவர்கள்கூட அதில் மாட்டினார்கள். 1933 ஜனவரி 22 உத்தரவு, உக்ரைனிலிருந்தும் வடக்குக் காகசஸின் குபான் பகுதியிலிருந்தும் விவசாயிகள் வெளியேறுவதைத் தடுத்தது. பட்டினியில் இருந்தவர்கள் சோறு தேடிப் போகவும் வழியில்லாமல் போயிற்று.

இது வரைக்கும் ஆவணங்களில் இருப்பது. உக்ரைனியர்களை ஓர் இனமாகக் குறிவைத்து நடத்திய இனப்படுகொலையா, கூட்டுப்பண்ணைக் கொள்கையின் கொடூர விளைவா என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதுகிறார்கள். ஆவணம் எங்கே முடிகிறது, வாதம் எங்கே தொடங்குகிறது என்று பேராசிரியர் கோடு போட்டுக் காட்டினால் அது நல்ல பாடம். ‘தன் கருத்தையே சொல்ல மாட்டேன் என்கிறார்’ என்று யாராவது கடுப்பாகி எழுதியிருந்தால் நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். கசக்ஸ்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று யாராவது குறை சொல்லியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள், கசக் மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். பல படிப்புகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். படிப்பில் ஒரு எண், புத்தகத்தில் வேறு எண், அதனால் பேராசிரியருக்கு விஷயம் தெரியவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் இழப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் ஸ்டாலின் சொன்ன கணக்கு 70 லட்சம். அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த குருஷ்சேவ் காலத்தில் அது 2 கோடி ஆனது. கடைசி சோவியத் தலைவரான கோர்பச்சேவ் காலத்தில், 1990இல், சுமார் 2.7 கோடி. எந்த ஆண்டில் அச்சான புத்தகத்தைப் படித்தோம் என்பதைப் பொறுத்து நம் மனதில் ஏதோ ஒரு எண் பதிந்திருக்கும். நல்ல படிப்பு, எண் ஏன் மாறியது என்பதையே பாடமாக எடுக்கும்.

‘ரஷ்யக்காரரே சொல்லிவிட்டார்’

‘நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், இந்தப் பாடத்தில் வருவதெல்லாம் பொய்’ என்ற ரகத்தில் ஒரு கருத்து இருந்தால் அதற்கு உடனே லைக்குகள் குவியும். அந்த ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு நமக்கு. அவர் எந்த ஆண்டு பள்ளி முடித்தார் என்பதைக் கேட்காமல் அவரை நம்ப முடியாது.

1988இல் சோவியத் பள்ளிகளில் இறுதி வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்தார்கள். அச்சான பாடநூல்களில் இருந்ததும் பத்திரிகைகளில் தினமும் வெளிவந்துகொண்டிருந்த உண்மைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எதை எழுதினால் மதிப்பெண் போடுவது? அடுத்த ஆண்டு டிசம்பரில், 1939இல் ஹிட்லர் ஜெர்மனியோடு செய்த ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பை, அதாவது கிழக்கு ஐரோப்பாவை இருவரும் பங்குபோட்டுக்கொண்டதை, சோவியத் நாடாளுமன்றமான மக்கள் பிரதிநிதிகள் மாநாடு ஒப்புக்கொண்டு கண்டித்தது. அதுவரை அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பதுதான் அரசின் நிலைப்பாடு. 1990 ஏப்ரலில் கத்தீன் (Katyn) படுகொலையும் அப்படித்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. சுமார் 22,000 போலந்துக்காரர்களைச் சுட்டுக் கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பழியை நாஜிகள் தலையில் போட்டுவைத்திருந்தார்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. ஸ்டாலின் காலக் கொடுமைகளைத் தோண்டி ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து பதினோராம் வகுப்புக்கு விளாதிமிர் மெதீன்ஸ்கி சேர்ந்து எழுதிய புதிய பாடநூல் வந்திருக்கிறது. புடினின் உதவியாளரான அவர் எழுதிய நூலில், நடந்துகொண்டிருக்கும் உக்ரைன் போரும் அரசு சொல்லும் விளக்கத்தோடு பாடமாக இருக்கிறது. 1980இல் பள்ளி முடித்தவர், 1995இல் முடித்தவர், 2024இல் முடித்தவர் என மூவரும் ரஷ்யர்கள்தான். ஆனால் மூவரும் படித்தது வேறுவேறு வரலாறு. அவர்கள் கருத்தை மதிக்க வேண்டும், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரஷ்யாவுக்கு வெளியே இருந்த சோவியத் குடியரசுகளிலிருந்து வரும் கருத்துகளைத் தவறவிடாதீர்கள். சோவியத் ஒன்றியம் 15 குடியரசுகள் சேர்ந்தது. ஸ்டாலின் ஜார்ஜியர், பின்னாளில் சோவியத் தலைவரான பிரெஷ்னேவ் பிறந்தது இன்றைய உக்ரைனில். ‘ரஷ்ய வரலாறு’ என்று பெயர் வைத்துவிட்டு மாஸ்கோவும் லெனின்கிராடும் மட்டும் சுற்றிக்காட்டும் படிப்புகளை எஸ்தோனியாவிலிருந்தோ உஸ்பெகிஸ்தானிலிருந்தோ படித்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

நம் பக்கமும் ஒரு சாய்வு உண்டு. முன்னேற்றப் பதிப்பகம் மாஸ்கோவில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சொற்ப விலைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ரஷ்யா என்றால் ஒரு பாசம். ஹாலிவுட் படத்தில் ரஷ்யாவைப் பார்த்த தலைமுறைக்கு அது வில்லன்களின் ஊர். இந்த இரண்டில் எது நம்முடையது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், முதல் வாரத்திலேயே கோபித்துக்கொண்டு எழுந்து போக வேண்டியிருக்காது.

பெயர்களும் தேதிகளும்

‘பெயர்கள் தலைசுற்ற வைக்கின்றன’ என்பது நியாயமான புலம்பல்தான், ஆனால் படிப்பின் குறை இல்லை. பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராட், 1924இல் லெனின்கிராட், 1991இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க். ரகசியப் போலீஸ் சேகாவாகத் தொடங்கி, ஓகெபெயூ, என்கேவிடி என்று பல பெயர் மாறி 1954இல் கேஜிபி ஆனது. ஒரு தாளில் இவற்றை எழுதி மேஜையில் ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தானியங்கி சப்டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள். ரஷ்யப் பெயர்களை அது படுத்தும் பாடு பரிதாபம். சரியான எழுத்துவடிவப் பிரதியைத் தருகிற படிப்பு என்றால் அதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடலாம்.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் பழைய ஜூலியன் நாட்காட்டி. இருபதாம் நூற்றாண்டில் அது 13 நாள் பின்தங்கி ஓடியது. அதனால்தான் அக்டோபர் 25 புரட்சியை நவம்பர் 7 அன்று கொண்டாடினார்கள். 1918இல் ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று மாற்றிக்கொண்டார்கள். இது தெரியாமல் ‘பாடத்தில் தேதிகள் தப்பு’ என்று ஒரு நட்சத்திரம் போட்டவர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள்.

இதை விடப் பெரிய குழப்பம் 1917இன் இரண்டு புரட்சிகள். அக்டோபரில் லெனின் ரஷ்யப் பேரரசரான ஜாரை வீழ்த்தினார் என்பது நம் ஊரில் பலர் மனதில் ஊறிப்போன கதை. ஜார் பதவி விலகியது அதற்கு முன்பே, பிப்ரவரிப் புரட்சியில். அப்போது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். பெத்ரோகிராடில் ரொட்டி வரிசைகளில் நின்ற பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள், அவர்களைச் சுட மறுத்துப் படைவீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்டோபரில் கவிழ்ந்தது, ஜாருக்குப் பின் வந்த கெரென்ஸ்கியின் தற்காலிக அரசு. பாரதியின் ‘புதிய ருஷியா’வும் ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியைப் பாடியது, அதை அக்டோபரோடு முடிச்சுப் போட்டு மேடையில் பேசுகிறவர்கள் நிறைய. பிப்ரவரிக்குத் தனி வகுப்பு ஒதுக்காத படிப்பில் சேர வேண்டாம்.

கருத்து எழுதிய தேதி, படிப்பு முடியும் தேதி

கருத்தின் அடியில் இருக்கும் ஆண்டை யாரும் பார்ப்பதில்லை. 2013இல் பதிவான வீடியோவுக்கு அப்போது கிடைத்த பாராட்டு இன்னும் மேலேயே நிற்கும். அதில் 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது இருக்காது, 2022 போர் இருக்காது. 2022 மார்ச்சில் கோர்செரா (Coursera) என்ற ஆன்லைன் படிப்புத் தளம் ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் படிப்புகளை நிறுத்திவைத்தது. பழைய பட்டியல்களில் பலர் பரிந்துரைத்த படிப்பு கிடைக்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த ஆண்டோடு படிப்பு முடிகிறது என்பதையும் பாருங்கள். பல படிப்புகள் 1991 டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகியதோடு திரையை இறக்கிவிடுகின்றன. ‘கடைசி வாரம் அவசரமாக ஓடியது’ என்று நாலைந்து பேர் எழுதியிருந்தால், அடிபட்டது 1990கள் என்று புரிந்துகொள்ளலாம். அந்தப் பத்தாண்டு இல்லாமல் இன்றைய ரஷ்யா புரியவே புரியாது. 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறியது. வங்கியில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. அரசுச் சொத்தில் பங்கு என்று ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் கொடுத்தார்கள். கையில் காசில்லாத பலர் அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள், வாங்கிக் குவித்தவர்களில் சிலர் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். 1993 அக்டோபரில் ரஷ்ய அதிபர் யெல்த்சின் தன் நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தையே டாங்கியால் சுட்டார். 1998 ஆகஸ்டில் அரசு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது. இத்தனையும் பட்ட மக்களிடம்தான் 1999 டிசம்பர் 31 அன்று யெல்த்சின் விலகி, புடின் வந்தார். இதை இருபது நிமிடத்தில் முடிக்கும் படிப்பு, புடினைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான் சொல்லும்.

சான்றிதழ் பற்றிய புலம்பல்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். சக மாணவர்கள் கட்டுரையைத் திருத்தும் முறை இருக்கும் படிப்புகளில், திருத்த ஆளில்லாமல் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்த எரிச்சலில் நட்சத்திரத்தைக் குறைத்திருப்பார்கள். சான்றிதழ் வேண்டாதவருக்கு அது பொருட்டே இல்லை. சான்றிதழ் வேண்டும் என்பவர், கடைசி மூன்று மாதங்களில் வந்த கருத்துகளை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். சில பாடங்களை இலவசமாகக் கேட்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. பஞ்சம், பிப்ரவரி 1917, 1990கள் ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டினால் போதும்.