‘வராத வரை’யும் ‘அன்டில்’லும்: எனக்கு இரண்டு நாள் போன கதையும், அதைச் சரிசெய்த வழியும்

‘நீங்கள் உறுதி செய்யாத வரை வேலையைத் தொடங்க மாட்டேன்.’ இதைத்தான் ஆங்கிலத்தில் ‘அன்டில் யூ டோன்ட் கன்ஃபர்ம், ஐ வில் நாட் ஸ்டார்ட்’ என்று மெயிலில் எழுதினேன். ‘நான் கன்ஃபர்ம் செய்ய வேண்டுமா, கூடாதா?’ என்று பதில் வந்தது. அதைத் தெளிவாக்குவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி எளிது. ஒரு நிலை நீண்டுகொண்டே வந்து, ஓர் இடத்தில் மாறுகிறது. அந்த இடத்தைக் காட்டுவதுதான் ‘அன்டில்’. ‘வெயிட் அன்டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணி வரை காத்திரு. அதன்பின் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படியில்தான் நான் விழுந்தேன். தமிழில் ‘அவர் வரும் வரை’ என்றும் சொல்கிறோம், ‘அவர் வராத வரை’ என்றும் சொல்கிறோம். இரண்டும் சரியான தமிழ்தான், ஆனால் பார்வை வேறு. ‘வராத வரை’ என்பது அவர் வராமல் இருக்கும் காலம் முழுவதையும் அளக்கிறது. ‘வரும் வரை’ அந்தக் காலம் முடியும் புள்ளியைக் காட்டுகிறது. ‘அன்டில்’லுக்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். ‘வராத வரை’க்கு நேரான ஆங்கிலம் ‘ஆஸ் லாங் ஆஸ் ஹி டஸ் நாட் கம்’.

அதனால் எழுதுவதற்கு முன் தமிழ் வாக்கியத்தையே திருத்திவிடுங்கள். ‘உறுதி செய்யாத வரை தொடங்க மாட்டேன்’ என்று மனதில் வந்தால், ‘உறுதி செய்யும் வரை தொடங்க மாட்டேன்’ என்று மாற்றுங்கள். இப்போது ஆங்கிலம் தானாக வரும்: ‘ஐ வில் நாட் ஸ்டார்ட் அன்டில் யூ கன்ஃபர்ம்’. ‘நாட்’ தொடங்குவதோடு நிற்கிறது. ‘அன்டில்’ பக்கம் போகவில்லை. இன்னொன்று: ‘வரும்’ எதிர்காலம் என்பதால் ‘அன்டில் ஹி வில் கம்’ என்று கை எழுதப் பார்க்கும். அங்கே ‘வில்’ வராது, ‘அன்டில் ஹி கம்ஸ்’தான்.

மூன்றாம் படி, படிக்கும்போது உதவும். ‘ஹி டிட் நாட் ஸ்லீப் அன்டில் டூ’ என்பதை ‘இரண்டு மணி வரை தூங்கவில்லை’ என்று பெயர்த்தால் பிழையில்லை. ஆனால் அதன் உயிர் பெரும்பாலும் நம் ‘தான்’ என்ற சொல்லில் இருக்கிறது: ‘இரண்டு மணிக்குத்தான் தூங்கினான்.’ இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ‘நாட் அன்டில்’ என்று எங்கே பார்த்தாலும் ‘தான்’ போட்டுப் பாருங்கள்.

நான்காவது, ‘-க்குள்’. நமக்கு இது ஒரே உருபு. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ‘ஐந்து மணிக்குள்’ என்றால் கடைசிப் புள்ளி, ‘பை ஃபைவ்’. ‘ஐந்து மணி நேரத்துக்குள்’ என்றால் கால நீளம், ‘வித்தின் ஃபைவ் அவர்ஸ்’. ‘வித்தின் ஃபிரைடே’ என்று எழுதாதீர்கள்; அது ‘பை ஃபிரைடே’.

‘பாலம் வரை நட’, ‘நூறு வரை தரலாம்’ போன்றவற்றில் காலம் இல்லை. அங்கே ‘ஆஸ் ஃபார் ஆஸ்’, ‘அப் டு’ போதும்.

எழுத்துக்கூட்டல்: ‘அன்டில்’ பொருளிலேயே வரும் ‘டில்’லில் இரண்டு எல், ‘அன்டில்’லில் ஒன்று. ‘டில்’ என்பது ‘அன்டில்’லின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘டில்’தான் மூத்த சொல், பிறகுதான் முன்னால் ஓர் ஒட்டு சேர்ந்து ‘அன்டில்’ பிறந்தது. பேச்சில் எதுவும் சரி. அலுவலக மெயிலில் நான் ‘அன்டில்’ மட்டுமே எழுதுவேன்.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியை நம்பாதீர்கள். பெரும்பாலும் ‘வரை’ என்று ஒரே சொல்லைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். அவற்றில் நான்கைந்தை நோட்டில் கையால் எழுதுங்கள். மெயிலில் கை தடுமாறாமல் இருக்க எனக்கு உதவியது அந்தப் பயிற்சிதான்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ‘ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்றால் திங்களன்று வேலைக்கு வருவாரா, மாட்டாரா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘த்ரூ மண்டே’ என்றால் திங்களும் விடுமுறையில் சேரும். ஆனால் எல்லா ஊரிலும் அது புழக்கத்தில் இல்லை. விடுப்பு முடியும் நாளைச் சொல்லாமல், திரும்பும் நாளைச் சொல்லுங்கள்: ‘ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே’.

‘அன்டில் அண்ட் அன்லெஸ்’ பற்றியும் கேட்டிருந்தார்கள். நேரத்தைச் சொல்ல ‘அன்டில்’, நிபந்தனையைச் சொல்ல ‘அன்லெஸ்’. மெயிலில் இரண்டில் ஒன்று போதும்.