மோரிஸ் மைனருக்கு முன் டிஸ்க் பிரேக்: புதியவர்களுக்கான செய்முறை

மோரிஸ் மைனர் என்ற சின்ன பிரிட்டிஷ் கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தபோது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். உற்பத்தி நின்ற 1971 வரைக்கும் அப்படியேதான் இருந்தது. நடுவில் 1962-இல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கினார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் இலங்கையிலும் மைனர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை இன்று ஏபிஎஸ் வைத்த கார்களுக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்று. உங்கள் டிரம் பிரேக் உண்மையிலேயே போதவில்லையா, இல்லை சரியாக அட்ஜஸ்ட் ஆகாமல் இருக்கிறதா? மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர்கள் உண்டு, ஷூவுக்கு (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பாகம்) ஒன்று வீதம். நிறைய பேர் ஒன்றை மட்டும் திருகிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். முதலில் இரண்டையும் அட்ஜஸ்ட் செய்து, ஏர் எடுத்து (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி), ஓட்டிப் பாருங்கள். பழைய 803 சிசி இன்ஜினோடு ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் இதுவே போதும் என்பது என் கருத்து. 1275 சிசி இன்ஜின் ஏற்றியிருந்தாலோ, அடிக்கடி மலைப்பாதையில் இறங்குபவராக இருந்தாலோ டிஸ்க் வேண்டும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் வெளிக்காற்றிலேயே சுற்றுவதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கையும், அதை இரண்டு பக்கமும் பேட்டால் கவ்வும் கேலிப்பரையும் மாட்டுவது இதில் சுலபமான பகுதி. வேலையே, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான் இருக்கிறது.

என்ன வாங்க வேண்டும்

இரண்டு வழி உண்டு. மோரிஸ் மரினாவின் முன் சஸ்பென்ஷன் மைனரிலிருந்து வந்ததுதான். அதனால் மரினாவின் டிஸ்க், கேலிப்பர், ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) எல்லாவற்றையும் மைனரில் ஏற்றுவது பழைய வழக்கம். ஆனால் மரினாவே 1980-இல் நின்றுபோனது, நல்ல நிலையில் பாகம் கிடைப்பது அரிது. முதல்முறை செய்பவர்கள் மைனருக்கென்றே வரும் கிட் ஒன்றை வாங்குவதே மேல். கிட்டோடு புது ஹோஸ், செம்பு வாஷர்கள், டாட் 4 பிரேக் ஆயில், மாஸ்டர் சிலிண்டருக்கான ரப்பர் சாமான்கள் எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். பாதியில் கடைக்கு ஓட வண்டி இருக்காது.

படி 1: தூக்கி நிறுத்துங்கள்

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். மைனரின் சேஸிஸ் கால்கள் (வண்டிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டங்கள்) துருவுக்குப் பேர்போனவை. ஸ்டாண்ட் வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பிரேக்கை விடுங்கள், முதலில் வெல்டிங் வேலை.

படி 2: பழையதைக் கழற்றுங்கள்

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது, வாயாலும் ஊதக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

ஹோஸைக் கழற்றும்போது அதன் அறுகோண முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, முதலில் இரும்புப் பைப்பின் யூனியனை (பைப் முனையை இணைக்கும் நட்டு) தளர்த்துங்கள். ஹோஸைப் பிடித்துத் திருகினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்து ஹப். காட்டர் பின்னை எடுத்துவிட்டு, நட்டில் பலம் போடுவதற்கு முன் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹப் வராவிட்டால் புல்லர் போடுங்கள், சுத்தியலால் அடிக்க வேண்டாம். ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டைக் கழற்றி, டிரம், ஷூ எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளைக்கு வண்டியை ஒரிஜினலாக்க ஆசைப்பட்டால் தேவைப்படும்.

படி 3: டிஸ்க், கேலிப்பர்

பேக் பிளேட் இருந்த முகப்பை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்து, கிட்டின் பிராக்கெட்டை மாட்டுங்கள். ஹப்பிலும் டிஸ்க் உட்காரும் முகத்தில் ஒரு துளி துருவோ பெயின்ட்டோ இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. மீறினால் பிரேக் போடும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும்.

கேலிப்பரை மாட்டியதும் ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். அப்படியே விட்டால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் ஏர் போகாது.

மரை விஷயத்திலும் கவனம் தேவை. மைனரின் பைப் யூனியன்கள் 3/8 அங்குல யூஎன்எஃப், அதாவது அங்குலத்துக்கு 24 மரை. புதுக் கேலிப்பர்கள் பல எம் 10, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர். அதனால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று ஏறவும் செய்யும், சரியாகப் பொருந்திவிட்டது போலவும் தோன்றும். பிரேக்கை ஓங்கி மிதிக்கிற நாளில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எந்த யூனியனாக இருந்தாலும் கையாலேயே கடைசிவரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அது அந்த மரை இல்லை.

பிறகு சக்கரத்தை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கேலிப்பர் ரிம்மில் உரசக் கூடாது. உள்பக்கம் ஒட்டிய பாலன்ஸ் ஈயத்தையும் பாருங்கள், பலமுறை இடிப்பது அதுதான். ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

படி 4: மாஸ்டர் சிலிண்டர்

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள் இல்லை. டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே, சேஸிஸ் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆயில் ஊற்றவே கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினாலும் முழுக்க வெளியே உருவ முடியாது, முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். பாரைக் கொஞ்சம் இறக்கித்தான் எடுக்க வேண்டும். பாரில் ஏறியிருக்கும் முறுக்கு கையை உடைக்கும் அளவு பலமானது, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகினால் அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை.

இதை எதற்குக் கழற்ற வேண்டும்? டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் முனையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 8 முதல் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். டிரம்முக்கு அது நல்லது, ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. கேலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தத்தில் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், கடைசியில் சக்கரமே பிடித்துக்கொள்ளும். வால்வில் சின்ன ஓட்டை போட்டு அழுத்தத்தைக் கசிய விடுவது பழைய கைவேலை. டிஸ்க்குக்கு ஏற்ற வால்வை வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பின்பக்கம் டிரம்மாகவே இருக்கப்போவதால் பின் லைனில் மட்டும் தனியாக ஒரு 10 பிஎஸ்ஐ வால்வு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆயில் அளவு. பேட் தேயத் தேயக் கேலிப்பர் பிஸ்டன்கள் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். மைனரின் சின்னத் தொட்டி இதற்குப் போதாது, கார்ப்பெட்டுக்குக் கீழே யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. பானட்டுக்குள் தனித் தொட்டி ஒன்றை வைத்து ஹோஸ் இழுத்துவிடுங்கள். எஞ்சினைப் பார்க்கும்போதே அளவும் கண்ணில் படும். வசதி இருந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரே போட்டுவிடலாம். பழையதில் ஒரே லைன், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு.

பெடல் முன்பைவிடக் கனமாக இருக்கும், பயப்பட வேண்டாம். மைனரின் முன் டிரம்மில் சுழலும் டிரம்மே இரண்டு ஷூவையும் தன்னோடு இழுத்து அழுத்தும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. கால் வலித்தால் பிறகு மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் வேக்குவம் சர்வோ ஒன்றைச் சேர்க்கலாம், முதல் நாளே வேண்டாம்.

படி 5: ஏர் எடுப்பது

வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை தொடருங்கள், தொட்டி காலியாக விடாதீர்கள். பின் ஷூவையும் ஹேண்ட் பிரேக்கையும் முதலிலேயே அட்ஜஸ்ட் செய்திருந்தால் பெடல் மேலேயே நிற்கும். கடைசியில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

ரோட்டில் இறக்குவதற்கு முன் பிரேக் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில், நடை வேகத்தில். சரியாக இருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15-க்கு மிதமாகக் குறைத்து, கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடியும் குறைத்து, இப்படிப் பத்துத் தடவை செய்யுங்கள். சூடாக இருக்கும்போது பிரேக்கை மிதித்தபடியே நிறுத்தி வைக்கக் கூடாது, பேட்டின் தடம் டிஸ்க்கில் பதிந்துவிடும்.

பேட் பழகிய பிறகு ஈரமான காலி இடத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்துப் பாருங்கள். முன் சக்கரம் முதலில் பூட்டினால் சரி. பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். அப்படியே ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வோ, பின்பக்கத்துக்குச் சிறிய வீல் சிலிண்டரோ போட வேண்டும்.

சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு முன் ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அந்தப் பேட் விடவில்லை, வால்வையும் கேலிப்பரையும் மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் கேலிப்பர் போல்ட்டுகள், வீல் நட்டுகள், யூனியன்கள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வையுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பிரேக்கை மாற்றியதைச் சொல்லிவிடுங்கள்.