பாட்டிலைத் திறக்கும் முன் சாவியைக் கொடுத்துவிடுங்கள்

ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் வகுப்பு தொலைபேசிக்கு மாறியது, கேள்விகளும் மாறின. “வண்டியை எடுக்கவே வழியில்லை, வீட்டில்தானே குடிக்கிறேன், இதில் என்ன ஆபத்து?” என்று பலர் கேட்டார்கள். குடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் வண்டியை எடுக்க வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மருந்துக்கடைக்கு ஓட வேண்டியிருக்கும், கடை அடைப்பதற்குள் மளிகை வாங்க வேண்டியிருக்கும், நடு இரவில் யாருக்காவது நெஞ்சு வலிக்கும்.

ஆகவே முதல் வேலை சாவி. குவளையை எடுக்கும் முன்பே அதைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு சுற்று முடிந்த பிறகு “நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்” என்று சொல்வது குடித்த மூளை. அதன் சாட்சி செல்லாது. தனியாக வசிப்பவர் சாவியை உறைக்குள் போட்டு ஒட்டி, மறுநாள் எத்தனை மணிக்குப் பிரிக்கலாம் என்று மேலே எழுதிவையுங்கள். சாதாரண நாளில் வாடகைக் கார் பிடியுங்கள் என்று சொல்லிவிடலாம். ஊரடங்கில் அது கிடைக்காமல் போகலாம். அதனால் ஆம்புலன்ஸ் எண்ணையும், அவசரத்துக்கு வண்டி ஓட்டக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் பகலிலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள். வழக்கமான மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கிவைத்துவிட்டால் இரவுப் பயணத்துக்கான காரணங்களில் பாதி போய்விடும்.

அடுத்தது அளவு. மதுக்கூடத்தில் ஊற்றுபவர் அளந்து ஊற்றுவார், கடை அடைக்கும் நேரமும் உண்டு. வீட்டில் இரண்டும் இல்லை, கண்தான் அளவு. ஒரு லாரி ஓட்டுநரிடம், வழக்கமாக ஊற்றும் குவளையில் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அகலமான குவளை; விரலை வைத்துப் பார்த்து, “அறுபது மில்லி, சார்” என்றார். குழந்தையின் இருமல் மருந்து மூடியால் அந்தத் தண்ணீரை அளந்தோம். 95 மில்லி. சிறிது நேரம் இருவருமே பேசவில்லை.

இதைக் கிராமில் பார்த்தால்தான் உறைக்கும். மில்லி, மதுவில் உள்ள ஆல்கஹால் சதவீதம் (40 என்றால் 0.40), 0.79 (ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை, கிராமில்) மூன்றையும் பெருக்கினால் உடலுக்குள் போகும் ஆல்கஹால் கிடைக்கும். 40 சதவீத மதுவில் 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். 95 மில்லி என்றால் 30. பியர்தானே என்று அலட்சியம் வேண்டாம்: 8 சதவீத பியர் அரை லிட்டரிலும் ஏறக்குறைய 32 கிராம் இருக்கிறது.

பெரும்பாலானவர்களின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். அந்த ஓட்டுநர் இரவு 8 மணிக்குத் தொடங்கி நான்கு குவளை குடிப்பவர். அவர் கணக்கில் 76 கிராம், மெதுவான கல்லீரலுக்கும் காலை 7 மணிக்குள் தெளிந்துவிடும். உண்மையில் போவது 120 கிராம். வேகமான கல்லீரலுக்கே காலை 8 மணியாகும், மெதுவானதற்கு மதியம் 1 மணி. அத்தியாவசியச் சரக்கு ஏற்ற அவர் கிளம்புவதோ காலை 6 மணிக்கு! தூங்கி எழுந்தால் தெளிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஊரடங்கில் நான் கண்ட பெரிய ஆபத்து. காபி, குளியல், வாந்தி, உடற்பயிற்சி எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. இந்தக் கணக்கும் உத்தேசம்தான்; கூடுதலாக இரண்டு மணி நேரம் விடுங்கள். சந்தேகம் இருந்தால் அன்று ஓட்டாதீர்கள்.

“சாலை காலியாக இருக்கிறதே” என்பார்கள். காலிச் சாலையில் கால் தானாக அழுத்தும். அமெரிக்காவில் 2020-இல் வாகனங்கள் ஓடிய தூரம் குறைந்தது, சாலையில் இறந்தவர்கள் எண்ணிக்கை 38 ஆயிரத்தைத் தாண்டி முந்தைய ஆண்டைவிடக் கூடியது. தொற்றுப் பயத்தால் பல இடங்களில் ஊதிப் பார்க்கும் சோதனையை நிறுத்திவைத்ததும் உண்மை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

பழக்கம் ஏறாமல் இருக்க நான் சொல்வது கொஞ்சம்தான். தொடங்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள், அது ஏழு, ஆறு, மதியம் என்று முன்னால் நகர்கிறதா பாருங்கள். பாட்டில் மேசைமேல் இருக்கக் கூடாது. அளந்ததை ஊற்றிவிட்டு அலமாரியில் வையுங்கள். வாரத்தில் சில நாட்கள் தொடவே வேண்டாம். மது கிருமியைக் கொல்லும் என்று நம்பியவர்களுக்காக உலகச் சுகாதார நிறுவனமே 2020 ஏப்ரலில் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கடை மூடியிருக்கிறது என்று கைக்குத் தடவும் சானிடைசரைக் குடிப்பதோ, யாரோ காய்ச்சியதை வாங்குவதோ வேண்டவே வேண்டாம். அதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருந்தால் கண் போகும், உயிரும் போகும். ஈரானில் அந்த ஆண்டு நூற்றுக்கணக்கானோர் அப்படித்தான் இறந்தார்கள்.

நாள்தோறும் நிறையக் குடித்தவர் மட்டும், கடை மூடியதும் ஒரேயடியாக நிறுத்தி வைராக்கியம் காட்டக் கூடாது. கைநடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நிலைக்கு மருந்து இருக்கிறது. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சாவியை வாங்கி வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. இரவு பதினொரு மணிக்குச் சாவியைக் கொடுத்தவர் வந்து கேட்பார், முதலில் கெஞ்சுவார், பிறகு கோபப்படுவார். குடித்தவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. “எங்கே போக வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். அவசரமென்றால் சுவரில் ஒட்டிய எண்களில் ஒன்றை அழையுங்கள், அவசரமில்லையென்றால் மறுநாள் எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.