கட்டாமல் விட்ட வங்கியிலேயே திரும்பக் கடன் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் என்னைத் தேடி வருபவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். சில வருடங்களுக்கு முன் பெர்சனல் லோனோ கிரெடிட் கார்டோ வாங்கியிருப்பார்கள். தொழில் படுத்ததும் தவணை நின்றிருக்கும். இப்போது நிலைமை தேவலை. ஒரு குட்டி யானை வாங்கவோ கடையைப் பெரிதாக்கவோ பணம் வேண்டும். கணக்கு அதே வங்கியில் இருப்பதால் அங்கேயே போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அப்புறம் இரண்டே மாதத்தில், எதையும் மாற்றாமல், அதே கவுன்டரில் மறுபடி நிற்கிறார்கள்.

தவணையை நேரத்துக்குக் கட்டுங்கள், கார்டில் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரிந்தும் சறுக்கியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சிபில் ஏறிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைப்பது

வாங்கிய கடன்களை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர்; 300-லிருந்து 900 வரை. 750-ஐத் தாண்டிவிட்டாலே கதவு திறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. புதிதாகப் போகும் இடத்தில் அது ஓரளவு சரி. பழைய இடத்தில் கதை வேறு. உங்கள் பான் எண்ணைத் தட்டியதும் வங்கியின் சொந்தப் பதிவேட்டில் அந்தப் பழைய கணக்கு வந்து நிற்கும்: எத்தனை மாதம் கட்டவில்லை, எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள், வசூலுக்கு யார் போனார்கள் எல்லாம். சிபில் அறிக்கையில் மாதவாரியான தவணை விவரம் கடந்த 36 மாதங்களுக்குத்தான் தெரியும். வங்கியின் பதிவேட்டுக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என் ஸ்கோர் எவ்வளவு?' என்பதல்ல, 'இந்த வங்கியின் கணக்குப்படி நான் இன்னும் ஏதாவது தர வேண்டியிருக்கிறதா?' என்பது.

செட்டில்மென்ட் செய்ததைக் கடன் முடிந்ததாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவழைப்பது இதுதான்.

கோவை கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி போன வருடம் வந்தார். பழைய பெர்சனல் லோனில் வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 1,84,000 ரூபாய் நிலுவை இருந்திருக்கிறது. ஒரு மாதக் கடைசியில் வசூல் ஏஜென்ட் போன் செய்து, "எழுபதாயிரம் கட்டிடுங்க சார், முடிச்சுக்கலாம். சிபிலெல்லாம் தானா சரியாயிடும்" என்றிருக்கிறார். இவரும் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டார். வங்கியிலிருந்து கடிதமும் வந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"நான்தான் முடிச்சுட்டேனே சார், லெட்டரே இருக்கு. அப்புறம் ஏன் தர மாட்டேங்கறாங்க?"

கடிதத்தை வாங்கிப் படித்தேன். முதல் பத்தியில் எழுபதாயிரம் வந்து சேர்ந்தது என்று இருந்தது. இரண்டாவதில், இந்தக் கணக்கில் இனி பணம் கேட்க மாட்டோம் என்று இருந்தது. மூன்றாவது பத்தி பொடி எழுத்து: மீதி 1,14,000 ரூபாயை வங்கி தள்ளிவிட்டதாகவும், இந்தக் கணக்கு 'செட்டில்டு' என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படும் என்றும். அவர் அதுவரை வந்து படித்ததே இல்லை.

வங்கி உங்கள்மேல் வழக்குப் போடாது, ஆள் அனுப்பாது. செட்டில்மென்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அவர்கள் புத்தகத்தில் அது 1,14,000 ரூபாய் நஷ்டம். சிபில் அறிக்கையிலும் 'குளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்றே வரும். இதைப் பார்க்கும் எந்த அதிகாரியும், முழுதாகத் திருப்பித் தராதவர் என்றுதான் படிப்பார். நஷ்டப்பட்ட வங்கியே பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சமரசமாக முடித்த ஒருவருக்குத் திரும்பக் கடன் தருவதற்குமுன் ஓர் இடைவெளி விட வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. விவசாயக் கடன் அல்லாதவற்றுக்கு அது குறைந்தது 12 மாதம். வங்கி விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம். செட்டில்மென்ட் முடித்த நாலாம் மாதமே அதே வங்கியில் விண்ணப்பம் போட்டால், மேனேஜர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் கையெழுத்துப் போட முடியாது.

சரி, ஏற்கெனவே செட்டில்மென்ட் செய்துவிட்டவர்கள் என்ன செய்வது? விட்டுக்கொடுத்த அந்த மீதித் தொகையைக் கட்ட விரும்புகிறேன் என்று வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பணம் கட்டுவதற்குமுன், கட்டியதும் கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவோம் என்பதை அவர்களிடமிருந்து கடிதமாகவோ மெயிலாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை எடுபடாது. ஏஜென்ட் கொடுத்த நம்பருக்கு ஜிபே செய்யாதீர்கள். கடன் கணக்கு எண்ணுக்கே பணம் போக வேண்டும். அப்புறம், கடன் முடிந்ததற்கு வங்கி தரும் சான்றான என்.ஓ.சி.யில் 'நிலுவை ஏதுமில்லை' என்ற வரி இருக்கிறதா, கணக்கு எண் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். சில வாரம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துச் சரிபாருங்கள். தாமதமான மாதங்களின் பதிவு உடனே அழியாது, ஆனால் கணக்கின் நிலை மாறியிருக்க வேண்டும்.

சில சமயம் வங்கி அந்தக் கடனையே, வராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றிருக்கும். அப்படியானால் பாக்கியைத் தீர்க்க வேண்டிய இடமும் என்.ஓ.சி. வாங்க வேண்டிய இடமும் அந்த நிறுவனம்தான். வங்கிக் கிளைக்கு நடையாய் நடந்து பிரயோஜனமில்லை.

லேத் பட்டறைத் தம்பி மீதியைக் கட்டினாரா என்றால், இல்லை. "இன்னும் ஒரு லட்சத்துச் சொச்சமா?" என்று எழுந்து போய்விட்டார். ஏஜென்ட் போன் செய்த அன்றைக்கே அவரிடம், "அசலை முழுசா ஆறு தவணையா கட்டறேன், வட்டியிலயும் அபராதத்துலயும் குறைச்சுக் குளோஸ் பண்ணித் தருவீங்களா?" என்று பேரம் பேசியிருந்தால் இன்று இந்த நிலை வராமலும் போயிருக்கலாம். அப்படிப் பேச முடியும் என்றே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

ரைட்-ஆஃப் ஆகிவிட்டது, இனி கேட்க மாட்டார்கள் என்று இருப்பது

கேட்பார்கள். ரைட்-ஆஃப் என்பது, வராத கடனை வங்கி தன் புத்தகத்திலிருந்து தள்ளிவைக்கும் கணக்கு வேலை. உங்கள் பாக்கி அப்படியே இருக்கிறது.

ஒரே வாரத்தில் ஏழெட்டு இடத்தில் விண்ணப்பம்

பழைய வங்கி மறுத்ததும் கோபத்தில் போனில் இருக்கும் எல்லா லோன் ஆப்பிலும் விவரத்தைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், பார்த்தது பதிவாகும், ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். பணத்துக்கு அலைகிறார் என்று அடுத்தவர் முடிவு கட்ட அந்தப் பட்டியலே போதும். நீங்களே உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் பாருங்கள், ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் திருத்தாமல் கிடக்கும்.

படிவத்தில் பழைய கடனை மறைப்பது

பான் எண் போதும், தெரிந்துவிடும். பொய் சொன்னதற்காகவே நிராகரிப்பார்கள்.

'சிபில் சரிசெய்து தருகிறோம்' என்பவரிடம் பணம் கொடுப்பது

உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவென்றால் திருத்த நீங்களே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. வங்கி அசையவே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.

மனைவியை முன்னால் நிறுத்தி, தானும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்வது

இரண்டு பேர் பதிவையும்தான் பார்ப்பார்கள்.

எடுத்த எடுப்பிலேயே பெரிய தொகை கேட்பது

பழைய பாக்கியை முழுக்கத் தீர்த்து, காத்திருக்க வேண்டிய காலமும் கடந்த பிறகு, அதே வங்கியில் நேரே பத்து லட்சம் தொழில் கடன் கேட்காதீர்கள். டெபாசிட் ஒன்று போட்டு அதன்மேல் கார்டு வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் சின்னதாக ஒரு நகைக் கடன் எடுத்துக் கெடுவுக்குள் அடைக்கலாம். இரண்டுக்கும் ஈடு வங்கியிடமே இருப்பதால் பழைய கதையைப் பெரிதாகக் கிளற மாட்டார்கள், நீங்கள் திருப்பிக் கட்டுவதும் பதிவாகும். ஒரு வருடமாவது அப்படி ஓடட்டும். அப்புறம் போகும்போது என்.ஓ.சி., நான்கு நிறுவனங்களின் அறிக்கை, ஒரு வருடத்து வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து மேனேஜரிடம் கொடுங்கள். பழைய பாக்கியைப் பற்றி அவர் கேட்பதற்குமுன் நீங்களே பேச்சை எடுங்கள்.